அண்ணை முடியவிடாத படங்கள்

1

எனக்குப் படம் பார்க்கத் தெரியாது. அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, என் மகள் அபி சொல்வதைத்தான் சொல்கிறேன். நல்ல படம் என்று அவள் கூட்டிப்போகும் படங்களில் எல்லோரும் கதாநாயகியின் முகத்தை மூச்சடக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் அவளுக்குப் பின்னால் அடுப்பில் இருக்கும் பால் பொங்கி வழியப்போகிறதே என்று தவித்துக்கொண்டிருப்பேன். கடைசிவரை யாரும் அந்தப் பாலை இறக்கமாட்டார்கள். வீட்டுக்கு வந்தும் எனக்கு அதுவே நினைவாக இருக்கும்.

டென்மார்க்கின் மேற்குக் கரையில், காற்றைத் தவிர வேறொன்றும் பெரிதாக நடக்காத ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. கூட வேலை செய்யும் லேனாதான் என்னை ஊர் நூலகத்தின் படக்கூட்டத்துக்கு இழுத்துப்போனவள். மாதத்தில் ஒரு வியாழக்கிழமை பின்னேரம் ஒரு படம் போடுவார்கள். பிறகு கோப்பியும் கேக்கும். அதன் பிறகு கதிரைகளை வட்டமாகப் போட்டு, படத்தைப் பற்றிக் கதைக்கவேண்டும். சிரிப்புப் படம் ஒன்றுகூடப் போடமாட்டார்கள். யாராவது சாகவேண்டும், அல்லது ஞாபகம் தவறவேண்டும், அல்லது ஒரு நகரம் எரியவேண்டும். இவ்வளவு அமைதியான ஊரில் இருந்துகொண்டு இந்தச் சனங்கள் எதற்காக மற்றவர்களின் அழிவைத் தேடிப் பார்க்கிறார்கள் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. இப்போதும் முழுதாக விளங்கவில்லை.

ஒருமுறை முற்றுகைக்குள் அகப்பட்ட நகரம் ஒன்றைப் பற்றிய படம். மேலே விமானம் சுற்றுகிறது. ஒரு பெண் யன்னலோரம் விளக்கைக் கொளுத்தி வைத்துக்கொண்டு காதலனுக்குக் கடிதம் எழுதுகிறாள். அழகான காட்சியாம். எனக்கு மேலே சுற்றும் விமானம்தான் தெரிந்தது.

"விளக்கை நூருங்கோ!" என்று, அணைக்கச் சொல்லிக் கத்திவிட்டேன். தமிழில்.

முழு மண்டபமும் திரும்பிப் பார்த்தது. லேனா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு வட்டமாக இருந்தபோது எல்லாருடைய கண்ணும் என்மேல்தான். வழக்குக்கு வந்த சாட்சியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். என்ன நினைக்கிறீர்கள் என்று கூட்டத்தை நடத்துபவர் மெதுவாகக் கேட்டார். படத்தில் வரும் பதுங்குகுழி மெத்தக் காய்ந்திருக்கிறது, எங்களுடையதற்குள் மாரியில் முழங்காலளவு தண்ணீரும் தவளையும் இருக்கும் என்றேன். சிரித்தார்கள். சிரித்ததற்காகப் பிறகு வெட்கப்பட்டார்கள். எனக்கு அவர்கள் சிரித்ததே பிடித்திருந்தது.

2

நான் படம் பார்க்கப் பழகாமல் போனதற்கு அண்ணைதான் காரணம்.

யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் எங்கள் வீடு புகையிரதப் பாதைக்குக் கிட்ட. அந்தக் காலத்தில் றெயில் ஓடவில்லை. தண்டவாளமும் இல்லை, கட்டைகளும் இல்லை, எல்லாம் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகப் போய்விட்டன. மின்சாரமும் இல்லை. நல்லநாள் பெருநாளென்றால் ஊர்ப் பெடியன்கள் சேர்ந்து ரீவி, வீடியோ டெக், ஜெனரேற்றர் மூன்றையும் வாடகைக்கு எடுத்து வருவார்கள். பொழுதுபடும் நேரம் எங்கள் வீட்டு விறாந்தையில் ரீவியை வைத்து, முற்றத்தில் பாய் விரித்து, அயல் முழுவதும் வந்து குந்திவிடும். டெக்குக்குப் பொறுப்பு என் அண்ணை. பெயர் யோகன். மூக்குக்கண்ணாடியும் மெலிந்த கழுத்துமாக, படம் ஓடி முடியும்வரை டெக்குக்குப் பக்கத்திலேயே நிற்பார்.

ஒருநாள் படத்தில் ஒரு தாய் மகனின் உடலில் விழுந்து கதறும் காட்சி வந்தது. முன்வீட்டுக்காரி அதற்குச் சில மாதங்கள் முன்னர்தான் தன் மகனைக் குண்டுவீச்சில் பறிகொடுத்திருந்தாள். படம் முடிந்து எல்லாரும் எழும்பிப் போன பிறகும் அவள் பாயிலேயே இருந்தாள். எழுப்பினால் எழும்பவில்லை. அண்ணையும் சறோ மச்சாளும்தான் அவளைத் தூக்கிக்கொண்டுபோய் வீட்டில் விட்டார்கள். சறோ மச்சாள் என்றால் அண்ணையின் மனைவி. அப்போது கலியாணம் முடிந்து ஒரு வருடமும் ஆகவில்லை.

அதன்பிறகு அண்ணை ஒரு படத்தையும் முடியவிட்டதில்லை. கதாநாயகனுக்குச் சூடு படப்போகிறது, தாய்க்கு வருத்தம் முற்றப்போகிறது என்ற இடத்தில் ஜெனரேற்றரை நிற்பாட்டிவிடுவார். முற்றம் இருண்டுபோகும்.

"மண்ணெண்ணெய் முடிஞ்சுது. எல்லாரும் போய்ப் படுங்கோ."

"ஐயோ யோகன், பேந்து என்ன நடந்தது எண்டாவது சொல்லடா."

"பேந்தென்ன, பெரியாஸ்பத்திரியிலை மருந்து கட்டி ஆளைச் சுகமாக்கிப் போட்டாங்கள். அடுத்த மாதம் கலியாணம்."

சனம் நிம்மதியாக வீட்டுக்குப் போகும். தாங்கியில் பாதி எண்ணெய் மிச்சமிருப்பது எனக்கும் மச்சாளுக்கும் மட்டும் தெரியும். நாங்கள் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். அதன்பிறகு எங்கள் முற்றத்தில் ஓடிய படங்களில் ஒருத்தரும் சாகவில்லை. ஊரில் அத்தனை செத்தவீடுகள் நடந்துகொண்டிருந்த காலம் அது.

இங்கே வந்து கனகாலத்துக்குப் பிறகு, அந்தப் படங்களில் ஒன்று தமிழ் ரீவியில் போனது. வெங்காயம் உரித்துக்கொண்டு பார்த்தேன். கடைசியில் அந்த ஆள் செத்துப்போனான். இத்தனை வருடமும் பெரியாஸ்பத்திரியில் சுகமாகி, கலியாணம் கட்டி, பிள்ளை குட்டியோடு எங்கேயோ இருந்த ஆள். இவர், என் கணவர், வேலையால் வந்து, ஏன் அழுகிறாய் என்று கேட்டார். வெங்காயம் என்றேன்.

3

அண்ணை ஒருநாள் காலை கண்ணாடியின் கால் உடைந்துவிட்டதென்று அதை ஒட்டுவிக்க யாழ்ப்பாணம் ரவுணுக்குச் சைக்கிளில் போனார். மத்தியானச் சொதிக்கு மச்சாள் தேங்காய்ப்பால் பிழிந்து வைத்திருந்தார். அன்றைக்கு வழியில் இராணுவச் சுற்றிவளைப்பு. கண்ணாடி இல்லாத ஒரு மெலிந்த ஆளை வரிசையில் கண்டதாக இரண்டொருவர் சொன்னார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை.

அன்றிலிருந்து மச்சாள் ஏறாத கந்தோர் இல்லை. இராணுவ முகாமில் கேட்டால், அரசாங்கக் கச்சேரிக்குப் போ என்பார்கள். கச்சேரியில் கேட்டால் கொழும்புக்கு எழுது என்பார்கள். ஒவ்வொரு ஆணைக்குழு வரும்போதும் ஒரு புது மொழிபெயர்ப்பாளர், அதே கேள்விகள். அங்க அடையாளம் என்ன? மூக்குக்கண்ணாடி போடுவார். காணாமல் போகும்போது கண்ணாடி போட்டிருந்தாரா? இல்லை. அப்போ அது எப்படி அடையாளம்? கடைசியில், மரணச் சான்றிதழ் தருகிறோம், எடுத்துக்கொண்டு போ என்றார்கள். மச்சாள் அதைத் தொடவில்லை.

எங்கள் ஆட்களில் செத்தவரின் படத்துக்குத்தான் மாலை. உயிரோடு இருப்பவரின் படத்துக்குத் தவறியும் போடமாட்டோம். அண்ணையின் படம் நடுவறைச் சுவரில் மாலையும் இல்லாமல், விளக்கும் இல்லாமல், ஒரு ஆணியில் தனியாக இருந்தது. செத்தவருக்குச் செய்யும் அந்தியேட்டி அவருக்குச் செய்யவில்லை. ஆடி அமாவாசைக்கு அப்பாவை நினைத்துத் தீர்த்தமாடக் கீரிமலைக்குப் போகும்போது மச்சாளும் வருவார், ஆனால் கேணிப் பக்கம் இறங்காமல் வாசலிலேயே நின்றுவிடுவார். நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி. கலியாண வீடுகளில் ஆராத்தி எடுக்க அவரைக் கூப்பிட்டாலும் சங்கடம், கூப்பிடாவிட்டாலும் சங்கடம். சனத்துக்கு ஏன் கரைச்சல் என்று, அந்த நேரம் பார்த்து அவர் குசினிக்குள் போய்விடுவார். இத்தனை வருடத்தில் மச்சாள் அழுது நான் கேட்டதே இல்லை. அழுதால் முடிந்துவிட்டது என்று அர்த்தமாகிவிடும்.

இங்கே வந்த புதிதில் எனக்கும் ஒரு கரைச்சல் நேர்ந்தது. விண்ணப்பமொன்றில் உடன்பிறந்தவர்கள் உயிரோடு இருக்கிறார்களா, இறந்துவிட்டார்களா என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. இரண்டையும் வெறுமையாக விட்டு அனுப்பினேன். தகவல் போதாதென்று திருப்பி அனுப்பினார்கள். நேரில் போய் என் அரைகுறை டேனிஷில் விளக்கப்படுத்தினேன். அந்த அம்மா மிகுந்த மரியாதையோடு கேட்டுவிட்டு, அப்படியானால் எதற்குப் புள்ளடி போடட்டும் என்று கேட்டாள். அவளைக் குற்றம் சொல்லமுடியாது.

என் வீட்டுச் சுவரில் அண்ணையின் படம் இல்லை. தனியாக ஒரு ஆளின் படத்தைக் கொழுவினால், வருகிற வெள்ளைக்காரர்கள் உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டு, எப்போது இறந்தார் என்று கேட்பார்கள். அதற்குப் பயந்து அலுமாரிக்குள் அல்பத்தில் வைத்தேன். அபிக்கு மாமா ஒருவர் இருந்தார் என்று தெரியும். முகம் தெரியாது.

4

இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை அபி தான் வேலை செய்யும் நகரத்துக்கு என்னைக் கூப்பிட்டாள். திரைப்பட விழாவாம்.

"அம்மா, உங்கட ஊர்ப் படம். கொக்குவில்ல எடுத்தது. ஒரு சேர்ப்பிரைஸ்."

அவளுடைய தமிழ் அப்படித்தான், இந்த டென்மார்க் ஊரின் காற்றில் அடிபட்டு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். பாரிசில் பிறந்த எங்கள் பிள்ளை ஒருத்தி எடுத்த படம் என்றாள். செத்துப்போன தகப்பனின் வீட்டை விற்க, வெளிநாட்டிலிருந்து வரும் மகளின் கதை.

படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒரு கேற் திறந்தது. அந்த இரும்புக் கேற்றின் ஒற்றைக் கதவு நிலத்தில் உரசும் சத்தம் எனக்குத் தெரியும். கிணற்றடி, பலாமரம், பச்சை யன்னல். எங்கள் வீடு! படம் எடுக்கிற பிள்ளையள் வந்தவை, வீட்டைக் கொஞ்ச நாள் குடுத்தனான் என்று மச்சாள் முந்தி ஒருமுறை சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கலியாண வீடியோக்காரர் என்று நினைத்து நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. அபியின் விலாவில் இடித்து இடித்து, இது குசினி, இது நான் படுத்த அறை என்று காட்டினேன். பக்கத்தில் இருந்தவர்கள் உஸ் என்றார்கள். சந்தோசத்தில் நான் கவனிக்கவில்லை.

பிறகு தகப்பனின் திவசம். நடுவறையில் பாய் விரித்து, நாலைந்து பெண்கள் எங்களுக்கு முதுகு காட்டி இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி அழத் தொடங்கினாள். முதலில் இருமல் போல ஏதோ ஒன்று வந்தது. பிறகு நீளமாக, மூச்சு விடாமல், உள்ளே கிடந்த எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு வருவதுபோல. மண்டபத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. எனக்கு அது பிழையாகப் பட்டது. அபியின் காதுக்குள் சொன்னேன்:

"உது சரியான நடிப்பு. திவசத்துக்கு எங்கடை ஆக்கள் உப்பிடி அழமாட்டினம். உது செத்தவீட்டு அழுகை. படம் எடுத்த பிள்ளைக்கு வித்தியாசம் தெரியேல்லை."

அழுகை ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்க, கமெரா மெதுவாகச் சுவர்ப் பக்கம் திரும்பியது. கலண்டர். மணிக்கூடு. பிறகு அண்ணை.

மல்லிகை மாலை. கீழே ஒரு விளக்கு. கண்ணாடி போட்ட மெலிந்த முகம், ஒரு வீட்டுச் சுவரளவு பெரிதாக. நான் எழும்பி நின்றுவிட்டேன். பின்னால் இருந்தவர்கள் ஏதோ சொன்னார்கள். அபி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, என்ன? அது யார்?"

அந்தக் கேள்விக்குத்தான் எனக்கு அழுகை வந்தது.

5

அடுத்தநாள் காலையே மச்சாளை வீடியோவில் கூப்பிட்டேன். மச்சாளே மனம் ஒப்பித்தான் மாலை போட்டிருந்தால், நான் இங்கே தனியாக இருந்து யாரை எதிர்பார்ப்பது? திரையில் அவர் முகம் வந்ததும் நான் முதலில் நெற்றியைத்தான் பார்த்தேன். பொட்டு இருந்தது. குசினியில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"படம் பாத்தனீரே? வீடு வடிவாய் வந்திருக்கோ?"

"மச்சாள், உவை ஆரின்ரை அனுமதியிலை அண்ணைக்கு மாலை போட்டவை? அந்தப் பிள்ளையின்ரை நம்பரைத் தாங்கோ. நான் கதைக்கிறன்."

"ஒருத்தரும் போடேல்லை. நான்தான் போட்டனான்."

அவர் துருவலை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுச் சொன்னார்:

"அதுகள் ஆரோ ஒரு நடிகரின்ரை படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டந்து, இவரின்ரை ஆணியிலை கொழுவிச்சுதுகள். இவரைக் கழட்டி மேசையிலை கவிட்டு வைச்சிட்டுதுகள். நான் தேத்தண்ணி கொண்டு வந்து பாக்கிறன், அந்த ஆணியிலை வேறை ஒரு ஆம்பிளை நிக்கிறான். எனக்கு மனம் கேக்கேல்லை. உதைக் கழட்டும் பிள்ளை, இவரே இருக்கட்டும் எண்டனான். 'அப்ப மாலை போடோணுமே அன்ரி' எண்டு பயந்து பயந்து கேட்டுது. போடும் எண்டனான். பிளாஸ்ரிக் மாலையை எடுத்துக்கொண்டு வந்துது. அதுக்கு நான் விடேல்லை. முத்தத்து மல்லிகையிலை பறிச்சு நானே கட்டினனான்."

"ஏன் மச்சாள்? இவ்வளவு காலம் போடாமல் வைச்சிருந்திட்டு?"

"படத்துக்குத்தானே. உண்மையாப் போடுறதெண்டால் அது வேறை. படத்துக்குப் போட்டால் ஒண்டும் ஆகாதுதானே? ஒருக்காப் போட்டுப் பாப்பம், எப்பிடி இருக்கெண்டு."

"பேந்து?"

"பேந்தென்ன. பொம்பிளையளோடை என்னையும் இருக்கச் சொன்னவை. 'அழுற மாதிரிச் செய்யுங்கோ அன்ரி' எண்டு சொல்லிச்சுது அந்தப் பிள்ளை."

அவர் துருவலைக் கையால் கூட்டிச் சட்டிக்குள் போட்டார். எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"அது நீங்களோ?"

"ஓம். போதும், காணும் எண்டு அதுகள் சொன்னாப் பிறகும் என்னாலை நிப்பாட்ட ஏலாமல் போச்சு. பிள்ளை ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு தானும் அழுதுது. பாவம். பேந்து கேட்டுது, இதைப் படத்திலை விடவோ எண்டு. விடும், எங்கையாவது இருக்கட்டும் எண்டனான்."

சரியான நடிப்பு என்று முதல்நாள் நான் சொன்ன வார்த்தை என் வாய்க்குள் கசந்தது. செத்தவீட்டு அழுகை என்று கண்டுபிடிக்கத் தெரிந்த எனக்கு, யாருடைய செத்தவீடு என்று தெரியாமல் போய்விட்டது. மச்சாள் தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு நடுவறைக்குப் போய்ச் சுவரைக் காட்டினார். அண்ணை பழையபடி இருந்தார். மாலை இல்லை, விளக்கு இல்லை.

"அண்டைக்குப் பின்னேரமே கழட்டி, பூமரத்தடியிலை போட்டிட்டன்."

கேட்கக்கூடாது என்று இத்தனை வருடம் நான் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"மச்சாள், அண்ணை இனி இல்லையெண்டோ நினைக்கிறீங்கள்?"

அவர் படத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார். குசினிக்குள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோமே, அதே சிரிப்பு.

"உம்மடை அண்ணை ஒரு படத்தையாவது முடிய விட்டவரே?" என்றார். "சரி பிள்ளை, வைக்கிறன். பால் பிழியோணும்."

6

அன்று பின்னேரம் அபிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். பாதி தமிழில், பாதி டேனிஷில், இரண்டும் வராத இடத்தில் கையால். மண்ணெண்ணெய் கதையைச் சொன்னபோது அவள் சிரித்துச் சிரித்து, பிறகு சிரிக்காமல் இருந்தாள். அடுத்த கிழமை வீட்டுக்கு வந்து, அல்பத்தை எடுக்கச் சொன்னாள். மாமாவை வெளிச்சத்தில் பிடித்துக் கனநேரம் பார்த்தாள்.

"மூக்கு எனக்கு இருக்கு," என்றாள்.

அந்தப் படத்தை எடுத்த பிள்ளைக்கு அபி எழுதினாள். அந்தப் பிள்ளை எங்களுக்கு மட்டும் படத்தை அனுப்பிவைத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளியே மழை. இவர் வேலைக்குப் போயிருந்தார். அபி தன் மடிக்கணினியை மேசையில் வைத்தாள். நாங்கள் இரண்டு பேரும் ஒரு போர்வைக்குள் இருந்து பார்த்தோம்.

கேற் உரசியது. கிணற்றடி வந்தது. இந்தமுறை நான் ஒன்றும் சொல்லவில்லை. பாயில் பெண்கள் இருந்தார்கள். இரண்டாவது முதுகு மச்சாளுடையது. எத்தனை வருடம் பார்த்த முதுகு. முதலில் அந்த இருமல். பிறகு அழுகை. நான் கண்ணை மூடாமல், காதைப் பொத்தாமல், முழுவதையும் கேட்டேன். சறோ மச்சாள், அழுங்கோ, நல்லா அழுங்கோ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். என் கண்ணாலும் வழிந்துகொண்டிருந்தது. அபி என் கையைப் பிடித்திருந்தாள்.

கமெரா சுவர்ப் பக்கம் திரும்பத் தொடங்கியது. கலண்டர் வந்தது. மணிக்கூடு வந்தது. நான் அபியின் கையை இறுக்கினேன்.

அபி எட்டி ஒரு விசையைத் தட்டினாள். படம் நின்றது.

"என்ன பிள்ளை?"

"மண்ணெண்ணெய் முடிஞ்சுது, அம்மா," என்றாள்.

திரையில் மணிக்கூடும் வெறும் சுவரும் நின்றன. அண்ணை இன்னும் வரவில்லை.